தேசிக்காய்க்குள்ள கரண்ட் இல்லை

வருசத்தில் ரெண்டு தடவையாவது அந்தச் செய்தி வந்துவிடும். ஒரு பாடசாலை மண்டபம், ஒரு மேசை, மேசையில் வரிசையாக ஆணி குத்தின தேசிக்காய், ஒரு சின்ன எல்.இ.டி. பல்ப், பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டின ஒரு பெடியன். "பழக்கழிவில் இருந்து மின்சாரம்: மாணவன் சாதனை" என்று தலைப்பு. கீழே நூற்றுக்கணக்கில் வாழ்த்து. "இவையளை அரசாங்கம் கவனிக்காது", "வெளிநாடு எண்டா இந்நேரம் காசைக் கொட்டியிருப்பான்", "எங்கட பிள்ளையளின்ர மூளைக்கு நிகரில்லை". அத்தனை பேரில் ஒரு ஆள்கூட அந்த ஆணி எங்கேயிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

நாங்கள் இதை வெளியில் நின்று நக்கல் அடிக்கவில்லை. அந்த மேசைக்குப் பின்னால் நாங்களும் நின்றிருக்கிறோம். பத்தாம் வகுப்பில், மூன்று நாள் கண்காட்சி. எட்டுத் தேசிக்காய், எட்டு நாகம் பூசின ஆணி, எட்டுத் துண்டு செப்புக்கம்பி. பல்ப் எரிந்தது. வெளிச்சத்தில் தெரியாது என்பதால் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கச் சொன்னோம். அட்டையில் பச்சைப் பெயின்ரால் "சூழலுக்கு நேயமான எதிர்கால மின்கலம்" என்று எழுதியிருந்தோம். இரண்டாம் பரிசு.

ஆறாம் வகுப்புச் சின்னவன் ஒருவன் வந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து கேட்டான்: "அண்ணா, தேசிக்காய் முடிஞ்சா லைட் நிக்குமா, ஆணி முடிஞ்சா நிக்குமா?" எங்களுக்குப் பதில் தெரியாது. "தள்ளி நில்லு, பின்னால ஆக்கள் நிக்கினம்" என்று கலைத்துவிட்டோம். மூன்றாம் நாள் பல்ப் மங்கிப்போச்சு. ஓடிப்போய் புதுத் தேசிக்காய் வாங்கி வந்து மாற்றினோம், பழைய வெளிச்சம் வரவில்லை. ஆணியை மாற்றினோம். வந்தது.

சின்னவன் கேட்டதற்கான பதில் எங்கள் கையிலேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்ப எழுதுகிறோம்.

தேசிக்காய்க்குள் கரண்ட் இல்லை. தோடம்பழத்தோலிலும் இல்லை, பழப்புளியிலும் இல்லை, வினாகிரியிலும் இல்லை. கரண்டைத் தருவது நாகம். நாகம் அமிலத்தில் கரையும்போது ஒவ்வொரு அணுவும் இரண்டு இலத்திரனை விட்டுவிட்டு அயனாகச் சாற்றுக்குள் போகிறது. அந்த இலத்திரன்கள் வயரால் சுற்றிப்போய்ச் செப்புக்கு வருகின்றன. அங்கே சாற்றில் இருக்கும் ஐதரசன் அயன்கள் அவற்றை வாங்கிக்கொண்டு வாயுவாகின்றன. சாறு இல்லாமல் இது நடக்காது, உண்மைதான். அமிலமும் தன் பங்கைக் கொடுக்கிறது. ஆனால் சக்தி நிறைந்த ஆள் நாகம். விறகு எரிய காற்றும் வேணும், அதற்காக அடுப்பைக் காற்றடுப்பு என்று யாரும் சொல்வதில்லை.

நம்பாவிட்டால் செய்து பாருங்கள். ஒரு சின்ன மல்ரிமீற்றர் போதும். தேசிக்காயில் ஆணியும் செப்பும் குத்தினால் கிட்டத்தட்ட 0.9 வோல்ற்று காட்டும். இப்ப ஆணியை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் செப்புக்கம்பியே குத்துங்கள். அதே தேசிக்காய், அதே சாறு, அதே அமிலம். மீற்றர் பூச்சியத்துக்குப் பக்கத்தில் படுத்துவிடும். மறுபடி ஆணியையும் செப்பையும் எடுத்து, தேசிக்காய்க்குப் பதில் ஒரு கோப்பை உப்புத்தண்ணிக்குள் விடுங்கள். 0.7, 0.8 என்று எழும்பிவரும். வீட்டு வாசல் கானில் ஓடுகிற தண்ணிக்குள் விட்டாலும் மீற்றர் அசையும். அப்படியென்றால் "கான்தண்ணியில் இருந்து மின்சாரம், மாணவன் சாதனை" என்றும் தலைப்புப் போடலாம். போடமாட்டார்கள், படம் வடிவாக இராது.

உலோகங்களின் தாக்கவீதத் தொடரைச் சாதாரண தரத்தில் எல்லோரும் பாடமாக்கினோம். மகனீசியம் மேலே, நாகம் கொஞ்சம் கீழே, இரும்பு அதற்குக் கீழே, செப்பு இன்னும் கீழே. பரீட்சைக்கு ஒரு புள்ளி. அந்தத் தொடர்தான் இந்த மேசையில் பல்பாக எரிகிறது என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. இரண்டு உலோகத்துக்கும் இடையில் அந்தத் தொடரில் எவ்வளவு தூரமோ அவ்வளவு வோல்ற்று. நாகம் பூசாத வெறும் இரும்பாணி போட்டால் வோல்ற்று விழும், மகனீசியத் துண்டு போட்டால் ஏறும். பழம் எதுவாக இருந்தாலும் இந்த ஒழுங்கு மாறாது. 1800இல் வோல்ற்றா செப்புத்தட்டையும் நாகத்தட்டையும் அடுக்கி, இடையில் உப்புத்தண்ணி நனைத்த துணியை வைத்தபோதே இது தெரிந்த விசயம். இருநூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது. நாங்கள் துணியை எடுத்துவிட்டுத் தேசிக்காயை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் புதுமை.

சரி, எப்படியோ கரண்ட் வருகிறதுதானே, அதைப் பெருப்பித்தால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. எங்கள் மீற்றரில், பல்ப் கொழுவின நிலையில், ஒரு தேசிக்காய் தந்தது கிட்டத்தட்ட அரை வோல்ற்று, அரை மில்லி அம்பியர். பெருக்கினால் கால் மில்லிவாற்று. உங்கள் கையில் இருக்கும் போனின் 5000 மில்லி அம்பியர் மணி பற்றறிக்குள் சுமார் 19 வாற்று மணி சக்தி அடங்குகிறது. ஒரே தேசிக்காயால் அதைச் சார்ஜ் பண்ண எட்டரை வருசத்துக்கு மேல் வேணும். ஒரு மணித்தியாலத்தில் சார்ஜ் பண்ண வேணுமென்றால் 76,000 தேசிக்காய், 76,000 ஆணி. தேசிக்காய் ஒன்று 40 கிராம் என்று வைத்தால் மூன்று தொன். திருநெல்வேலிச் சந்தையில் அவ்வளவும் வாங்கி லொறியில் ஏற்றி வந்து இறக்கினால் ஒரு போன் ஒருமுறை சார்ஜ் ஆகும். அதற்குள் வீணாகாமல் கரைந்தாலே 46 கிராம் நாகம் கரைந்திருக்கும்.

2021இல் இங்கிலாந்தின் மன்செஸ்ரரில் 2,923 எலுமிச்சம்பழங்களைத் தொடராக இணைத்து 2,307.8 வோல்ற்று எடுத்து உலக சாதனை செய்தார்கள். பேராசிரியர் சைபுல் இஸ்லாம் முன்னின்று செய்தது. வோல்ற்றைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டாம், அம்பியர் மிகச் சொற்பம். அதை வைத்து அவர்கள் ஊருக்கு வெளிச்சம் குடுக்கப் போகிறோம் என்று சொல்லவில்லை. நல்ல பற்றறியும் பற்றறி மீள்சுழற்சியும் ஏன் வேணும் என்று சனத்துக்குக் காட்டத்தான் அந்தக் கூத்தைச் செய்தார்கள். எங்கட ஊரில் அதே கூத்தை எதிர்ப்பக்கமாக ஆடுகிறோம்.

"சூழலுக்கு நேயமானது" என்று அட்டையில் எழுதினோமே, அந்த இடத்துக்கு வருவோம். நாகம் ஆணியில் தானாக முளைப்பதில்லை. மண்ணில் அது தாதாகக் கிடக்கிறது. உலகத்தில் பெரும்பாலான நாகத்தை மின்பகுப்பால்தான் பிரித்தெடுக்கிறார்கள். ஒரு கிலோ எடுக்க அந்தப் படிக்கு மட்டும் மூன்று கிலோவாற்று மணிக்கு மேல் மின்சாரம் போகிறது. அந்த ஒரு கிலோவையும் தேசிக்காய்க்குள் முழுசாகக் கரைத்தால், அரை வோல்ற்றுக்கு, திரும்பி வருவது 0.4 கிலோவாற்று மணி. அதாவது எங்கேயோ ஒரு நாட்டில், எங்கேயோ ஒரு மின்நிலையத்தில், பெரும்பாலும் நிலக்கரி எரித்து எடுத்த கரண்டை நாகத்துக்குள் அடைத்து, கப்பலில் ஏற்றி, ஆணியில் பூசி, எங்கட கடையில் விற்கிறார்கள். நாங்கள் அதைத் தேசிக்காய்க்குள் குத்தி, எட்டில் ஒரு பங்கை வெளியே எடுத்து, "இயற்கை மின்சாரம்" என்று பெயர் வைக்கிறோம்.

குத்தின பிறகு அந்தப் பழத்துக்கு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேணும். சாதாரண பழக்கழிவை மாட்டுக்குப் போடலாம், எருக்கிடங்கில் போடலாம். நாகம் கரைந்த பழத்தை மனிசரும் தின்னக்கூடாது, மாட்டுக்கும் வைக்கக்கூடாது. எட்டுத் தேசிக்காய் என்றால் பெரிய பிரச்சினை இல்லை, குப்பையில் போடலாம். இதைத்தான் தொழிலாகச் செய்யப் போகிறோம், ஊர்ச் சந்தைகளின் கழிவு முழுக்க எடுக்கப் போகிறோம் என்று மேடையில் திட்டம் சொல்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் பயம். பசளையாகப் போயிருக்க வேண்டியதை உலோகக் கழிவாக மாற்றுகிற திட்டம் அது.

இதையும் விட மோசமானது இன்னொன்று இருக்கிறது. செத்த ரோச்லைட் பற்றறியை வெட்டி, உள்ளே இருக்கிற கறுப்புத் தூளை வழித்தெடுத்துவிட்டு, வாழைப்பழத்தோலை அரைத்து அடைத்து மூடினால் திரும்ப வேலை செய்யும் என்கிற வீடியோ. "இரசாயனத்தை எடுத்து இயற்கையை வைத்தோம்." வேலை செய்யத்தான் செய்யும், மணிக்கூடு ஓடும். ஏன் ஓடுகிறது? வெளிக்கூடு நாகம், அது இன்னும் முழுசாகக் கரையவில்லை. நடுவில் காபன் கோல் அப்படியே இருக்கிறது. அந்தக் கோலிலும் சுவரிலும் மங்கனீசு ஈரொட்சைட்டு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. காய்ந்துபோன பற்றறிக்கு வாழைத்தோல் ஈரம் குடுத்தது, கொஞ்சம் அமிலமும் உப்பும் குடுத்தது. பழைய பற்றறியின் மிச்ச உயிர்தான் அந்த மணிக்கூட்டை ஓட்டுகிறது. வாழைத்தோலுக்குப் பதில் உப்புத்தண்ணியில் நனைத்த கடதாசியை அடைத்தாலும் ஓடும்.

வழித்தெடுத்த கறுப்புத் தூள் எங்கே போனது? அந்த வீடியோக்களில் ஒன்றிலும் அதைக் காட்டியதை நாங்கள் காணவில்லை. மாமரத்தடியில் கொட்டியிருப்பார்கள். பிறகு ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டு வீட்டில் கிடந்த அல்கலைன் பற்றறியை வெட்டினால், உள்ளே இருக்கிறது பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. கையைச் சுடும், கண்ணில் பட்டால் கண் போகும். பரிசு குடுக்கிற நடுவர்கள் ஒருநாளாவது இதை யோசித்திருப்பார்களா?

உண்மையில் பிரச்சினை "இயற்கை" என்கிற சொல்லில் இருக்கிறது. எங்கட ஆக்களுக்கு இரசாயனம் என்றால் கூடாது, இயற்கை என்றால் நல்லது. சித்திரிக்கமிலம் தேசிக்காய்க்குள் இருந்தால் இயற்கை, போத்தலில் இருந்தால் விசம். சொன்னால் சிரிப்பு வரும், கடையில் விற்கிற சித்திரிக்கமிலத்தின் பெரும்பகுதி தேசிக்காயையே கண்டதில்லை. அசுப்பெர்கிலசு நைகர் என்கிற கறுப்புப் பூஞ்சணத்துக்குச் சீனியைத் தீனியாகக் குடுத்து எடுக்கிறார்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் கண்டுபிடித்த வழி அது. பூஞ்சணம் செய்ததும் தேசிமரம் செய்ததும் ஒரே மூலக்கூறு, இரண்டையும் நாகத்துக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இனி, எங்களுக்கு எதிராகச் சொல்லக்கூடிய வலுவான உதாரணத்தையும் நாங்களே எடுத்து வைக்கிறோம். அது எங்கட நாட்டிலேயே இருக்கிறது. ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் ஹைம் ரபினோவிச்சும் கூட்டாளிகளும் 2010இல் உருளைக்கிழங்கை எட்டு நிமிடம் அவித்துப் பார்த்தார்கள். பச்சைக்கிழங்கை விடப் பத்து மடங்கு வலு வந்தது. அவிக்கும்போது கலங்களின் மென்சவ்வு உடைகிறது, உள்ளே அயன்கள் ஓடுவதற்கு இருந்த தடை குறைகிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் கே.டி. ஜயசூரியவும் அவருடைய குழுவும் இதைப் பார்த்துவிட்டு, இங்கே உருளைக்கிழங்கு விலை, வாழைத்தண்டு சும்மா கிடக்கிறது என்று வாழைத்தண்டை அவித்து நறுக்கிச் செய்தார்கள். காயவிடாமல் பார்த்துக்கொண்டால் ஒரு எல்.இ.டி. 500 மணித்தியாலத்துக்கு மேல் எரிந்தது.

இது நல்ல வேலை. இதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. கரண்டே எட்டாத ஒரு வீட்டில், ஒரு பிள்ளைக்குப் படிக்க ஒரு பல்ப் எரிவது சின்ன விசயம் இல்லை. கவனித்துப் பாருங்கள், அவர்கள் எதை அளந்தார்கள் என்று. தண்டு சக்தி தருகிறது என்று அவர்கள் சொல்லவில்லை. நாகம் செப்பு மின்கலத்துக்கு மலிவான மின்பகுபொருளாகத் தண்டு எவ்வளவு நல்லது என்றுதான் பார்த்தார்கள். நாகம் நாகமாகவே அந்த ஆய்வில் இருக்கிறது, ஒளித்துவைக்கப்படவில்லை. கண்காட்சி மேசைக்கும் ஆய்வுக்கும் நடுவில் தொலைந்துபோனது அந்த நேர்மைதான்.

இந்த விசயம் எங்களைக் கொஞ்சம் கூடுதலாகவே சுடுகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது. பற்றறி என்றால் என்ன என்று எங்கட ஊருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது. பொருளாதாரத் தடையில் வடக்குக்குப் போகக்கூடாத சாமான்களில் பற்றறியும் ஒன்று. ஒரு சோடி ரோச்லைட் பற்றறியைத் தடைமுகாம் தாண்டிக் கொண்டுவருவது குற்றமாக இருந்த காலம். எங்கட அம்மாமார் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள். செய்தி கேட்க, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து அதில் இன்னும் கால் மணித்தியாலம் பிழிந்தார்கள். அந்த நேரத்திலும் வளவுக்கு வளவு தேசிமரம் நின்றது. வாழை நின்றது. ஒருவரும் தேசிக்காயில் ரேடியோ கேட்கவில்லை. அவர்களுக்கு மூளை இல்லாமலா? கரண்ட் வேணுமென்றால் எங்கேயோ ஒரு இடத்தில் ஒரு ஆள் சக்தியைப் போட்டாக வேணும் என்று அவர்களின் கைக்குத் தெரிந்திருந்தது. பெடல் சுற்றின கை அது.

அந்த அறிவை ஒரே தலைமுறையில் நாங்கள் எப்படித் தொலைத்தோம்?

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். எண்ணெய் வாங்க டொலர் இல்லை. அந்த மாதங்களில்தான் எங்கட கைபேசிகளில் தேசிக்காய் வீடியோக்கள் மழையாகப் பெய்தன. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு நாடும் இருண்டது, பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததாக அமைச்சரே சொன்னார். நாட்டின் மின்வலையமைப்பு ஒரு குரங்கைத் தாங்காது என்று தெரிந்தது. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சார சபை கூரையில் சூரியப்படல் போட்டவர்களைப் பார்த்து, தயவுசெய்து பகலில் நிறுத்தி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. விடுமுறை, பாவனை குறைவு, வருகிற கரண்டை எங்கே போடுவது? சேமித்துவைக்கப் போதிய இடம் இல்லை.

இதுதான் கேள்வி. சித்திரை வெயிலில் இலவசமாக வருகிற கரண்டை வேண்டாம் என்று சொல்கிற நாட்டுக்குப் பற்றறி தேவை, உண்மையான பற்றறி. எந்த இரசாயனம், என்ன விலை, எத்தனை வருசம் உழைக்கும், யார் காசு போடுவது, செத்த பிறகு யார் திருப்பி எடுப்பது? இதுகளைப் பேச வேண்டிய வயசில் இருக்கிற பிள்ளைகளைக் கொண்டுவந்து தேசிக்காயில் ஆணி குத்தவைக்கிறோம். மின்சாரப் பிரச்சினைக்குக் கொள்கை தேவையில்லை, முதலீடு தேவையில்லை, ஒரு கெட்டிக்காரப் பெடியன் வந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு கதை. மேலே இருப்பவர்களுக்கு இதைவிட வசதியான கதை கிடையாது. மேடையில் வந்து பொன்னாடை போர்த்திவிட்டு, குளிரூட்டின வாகனத்தில் ஏறிப் போய்விடலாம்.

சூழலைப் பற்றித்தான் கவலை என்றால், வீட்டு லாச்சியைத் திறந்து பாருங்கள். செத்த ரிமோட் பற்றறி, ஊதிப்போன போன் பற்றறி, பொத்தான் பற்றறி. அதுகள் கடைசியில் எங்கே போகின்றன? குப்பைப் பைக்குள், பிறகு வேலிக்கரையில் எரிகிற குப்பைக்குள், இல்லாவிட்டால் கல்லுண்டாயில் கொட்டுகிற மலைக்குள். அந்த மலையும் இடைக்கிடை தீப்பிடித்துப் புகைவது எல்லோருக்கும் தெரியும். ஓட்டோவினதும் மோட்டார்சைக்கிளினதும் ஈய பற்றறிக்காவது விலை உண்டு, வாங்க ஆள் வரும். ஆனால் அதை உடைக்கிற இடத்தில் அமிலத்தை நிலத்தில் ஊற்றிவிட்டு ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்கினால், அந்த வளவில் விளையாடுகிற பிள்ளையின் இரத்தத்துக்குள் ஈயம் போகும். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். மேலே ஊற்றினது கீழே கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போன ஊர் இது. எங்களுக்கு இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கம்.

பழக்கழிவுக்கும் பற்றறிக்கும் உண்மையான உறவு ஒன்று இருக்கிறது. அது இந்த இடத்தில்தான் இருக்கிறது, செத்த பற்றறியில். 2020இல் சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், தோடம்பழத்தோலைக் காயவைத்துத் தூளாக்கி, சித்திரிக்கமிலத்தோடு சேர்த்து, பாவித்து முடிந்த லிதியம் பற்றறிகளை அரைத்த தூளில் இட்டார்கள். கோபால்ற்று, லிதியம், நிக்கல், மங்கனீசு ஆகியவற்றில் சுமார் 90 வீதத்தைத் திருப்பி எடுத்தார்கள். வழக்கமாக இதற்குக் கடும் அமிலங்களும் ஐதரசன் பேரொட்சைட்டும் பாவிப்பார்கள். இங்கே தோலில் இருக்கிற செலுலோசு சூட்டில் சீனியாக உடைந்து அந்த வேலைக்கு உதவுகிறது. எடுத்த உலோகத்தில் புதுப் பற்றறியும் செய்து பார்த்தார்கள். பழத்தோல் இங்கே கரண்ட் தரவில்லை. கரண்டைத் தருகிற உலோகத்தைக் குப்பையில் இருந்து மீட்டுத் தருகிறது. தேசிக்காயில் ஆணியைக் கரைப்பதற்கு நேர் எதிரான வேலை.

ஜேர்மனியின் கால்ஸ்ரூவே தொழில்நுட்ப நிறுவனத்தில் 2016இல் அப்பிள் சக்கையைச் சுட்டுக் கடினக் காபனாக்கி, சோடியம் அயன் பற்றறியின் எதிர் மின்வாயாகப் போட்டார்கள். சோடியம் உப்பில் இருந்து வருவது, லிதியம் போலத் தேடி அலையத் தேவையில்லை. இப்படிக் கரி எடுக்கிற விசயத்தில் நாங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. சிரட்டைக் கரியில் இருந்து ஏவிய காபன் செய்து உலகத்துக்கு ஏற்றுமதி செய்கிற நாடு இது. போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டுகிற காரீயம், நரம்பு வடிவில் கிடக்கிற, மிகச் சுத்தமான வகை. வணிக அளவில் அந்த வகையைத் தோண்டுகிற நாடு உலகத்திலேயே இலங்கை ஒன்றுதான். லிதியம் பற்றறியின் எதிர் மின்வாய் பெரும்பாலும் காரீயம். எங்கட காலுக்குக் கீழ் இருப்பது அது, நாங்கள் மேசையில் வைத்திருப்பது தேசிக்காய். விஞ்ஞான தின வினாடிவினாவில் காரீயத்தைப் பற்றி ஒரு கேள்வி வரும்: "பென்சிலில் பயன்படுவது எது?"

மிச்சப் பழக்கழிவை என்ன செய்வது? புதுசாக ஒன்றும் இல்லை. மாட்டுக்கு, எருவுக்கு, உயிர்வாயுவுக்கு. ஒரு கிலோ பழக்கழிவு மூடின தொட்டிக்குள் புளித்தால் தோராயமாக 50 லீற்றர் மெதேன் தரும், ஒரு கேத்தல் தண்ணியைச் சில தரம் கொதிக்கவைக்கலாம். அந்தச் சக்தி உண்மையாகவே பழத்தில் இருந்து வருகிறது, சூரியனிடம் இருந்து மரம் வாங்கி வைத்தது. பழத்துக்குள் சக்தி இல்லை என்று நாங்கள் சொல்லவே இல்லை. அது சீனியில் இருக்கிறது, ஆணி குத்தினால் வராது. தொட்டி மணக்கும், வீடியோவுக்கு வடிவில்லை, பரிசும் கிடைக்காது.

இதை எழுதப்போகிறோம் என்றதும் எங்கட வட்டத்திலேயே ஒரு தோழி கோபப்பட்டாள். அவள் படிப்பிக்கிறவள். "உங்களுக்கென்ன, எழுதிப்போட்டுப் போவியள். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில ஆய்வுகூடம் எண்டு ஒரு பூட்டின அறைதான் இருக்கு. அந்தத் தேசிக்காய்தான் என்ர பிள்ளையள் முதன்முதலாக் கையால செய்யிற விஞ்ஞானம். அதையும் பறிக்கப் போறியளோ?"

அவள் சொன்னது எங்களைக் கொஞ்ச நேரம் வாயடைத்தது. பறிக்கச் சொல்லவில்லை. தேசிக்காயை விடக் குறைந்த செலவில் மின்னிரசாயனம் படிப்பிக்க வேறு சாமானே இல்லை. எங்கட சண்டை தேசிக்காயோடு இல்லை, அட்டையோடு. "எதிர்கால மின்கலம்" என்று எழுதின பச்சை அட்டையோடு. அதைத் தூக்கிவிட்டு "இதில் கரைவது எது?" என்று எழுதிவைத்தால் அதே மேசை வேறொரு மேசை. கண்காட்சி தொடங்க முதல் ஆணியை நிறுத்து எழுதுங்கள், முடிந்த பிறகு திரும்ப நிறுங்கள். தேசிக்காய் பக்கத்தில் உப்புத்தண்ணிக் கோப்பையும் கான்தண்ணிக் கோப்பையும் வையுங்கள். வருகிறவரிடம் மீற்றரைக் குடுத்து அவரையே தொட்டுப் பார்க்க விடுங்கள். பொய் சொல்லி ஊக்கப்படுத்தின பிள்ளை, உயர்தரத்தில் அந்தப் பொய் உடைகிற அன்றைக்கு விஞ்ஞானத்தையே சந்தேகப்படும், இல்லாவிட்டால் நாங்கள் செய்த மாதிரிப் பரிசை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடும்.

தோழி இந்தத் தவணை தன் பள்ளிக்கூடத்தில் அதைச் செய்து பார்க்கிறாள். பொன் நிறுக்கிற சின்னத் தராசு ஒன்றை இரவல் கேட்டிருக்கிறாள், மில்லிகிராம் காட்டுகிறது. யாரிடமாவது இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். வருகிறவர்கள் போடுவதற்கு வாசலில் செத்த பற்றறிப் பெட்டி ஒன்றும் வைக்கப்போகிறாள். நிரம்பின பிறகு அந்தப் பெட்டியை யாரிடம் குடுப்பது என்று பிரதேச சபையிடம் கடிதம் குடுத்துக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.